சில்வண்டுக்கு வந்த கடிதம்

அண்ணி தானாகப் போன் செய்யும் வழக்கமே கிடையாது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினோரு வருடத்தில் நாத்தனாரிடம் அவள் போனில் பேசியதெல்லாம் "இதோ, அவர்கிட்டயே குடுக்கறேன்" என்ற ஒரே வாக்கியம்தான். அதனால், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அண்ணியின் பெயர் போனில் மின்னியதும் நாத்தனாரான வக்கீல் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவருக்கென்ன, யாருக்கோ கடைவாய்ப்பல் செஞ்சுட்டு இருக்கார். எனக்குத்தான் ஒரு கடிதம் வந்திருக்கு. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு. நீ ஒரு தடவ பாக்கறியா? அவசரமில்லம்மா. பத்து நாள் டைம் குடுத்திருக்காங்க."

பத்து நாள் கெடு வைத்த நோட்டீஸை அவசரமில்லை என்று சொல்லும் ஆளிடம் என்ன பேசுவது? மதியம் வைத்திருந்த கட்சிக்காரரை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு வக்கீல் கிளம்பினாள்.

உண்மையைச் சொன்னால், அண்ணியைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் அதுவரை இருந்ததில்லை. நல்லவள்தான். வாயைத் திறக்காதவள், அவ்வளவுதான். காது ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கிற வேலை. வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராத சின்ன அறையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதில் மெல்லிய ஒலிகளை விட்டு, கேட்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்வாள். நாளெல்லாம் அப்படி இருந்துவிட்டு வந்து வீட்டிலும் அப்படியே இருப்பாள். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டர். அதில் அவள் எழுதி, பெயரும் வைத்து, பத்து வருடமாகச் சீராட்டி வளர்த்த மென்பொருள்தான் 'சில்வண்டு'. குரலையோ பாட்டையோ பதிவு செய்யலாம், வெட்டலாம், ஒட்டலாம், இரைச்சலை நீக்கலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், உள்ளே இருப்பதைப் பிரித்துத் திருத்தவும் செய்யலாம். "ஊர்ல அவனவன் பொண்டாட்டி நாய் வளக்கறா, பூனை வளக்கறா. என் பொண்டாட்டி வண்டு வளக்கறா" என்பது அண்ணனின் நிரந்தர நகைச்சுவை. வக்கீலும் அதற்குச் சிரித்திருக்கிறாள்.

ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கடிதம், ஐந்து பக்கம். மிக மரியாதையான மொழியில் இருந்தது. அதுவே வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. மரியாதை கூடக்கூட உள்ளே கத்தி இருக்கும் என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்தது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்.பி.3 முறையின்மேல் தங்களிடம் காப்புரிமைகள் இருக்கின்றன, அந்த முறையில் சேமிக்கும் வசதி சில்வண்டில் உரிமம் இல்லாமல் இருக்கிறது, ஒன்று உரிமம் பெற்று நகல் ஒன்றுக்கு இவ்வளவு என்று செலுத்துங்கள், இல்லையென்றால் வசதியை நீக்குங்கள் என்பதுதான் சாரம்.

வக்கீலின் தொழில் வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், பங்காளிச் சண்டை. காப்புரிமையைக் கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்தவள். இருந்தாலும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மொத்தம் எத்தன நகல் போயிருக்கும் அண்ணி?"

"தெரியாது."

"தோராயமா?"

"தெரியாதும்மா. என் தளத்திலிருந்து எடுத்தவங்க கணக்கு இருக்கு. அவங்க யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? போன வருஷம் ஒரு கப்பல் சமையல்காரர் எழுதியிருந்தார், கப்பல் முழுக்க எல்லார் கம்ப்யூட்டர்லயும் போட்டுக் குடுத்துட்டாராம். கைதிங்க வானொலி நடத்தற ஒரு சிறையில இருக்கு. நான் குடுக்கல, தானா போயிருக்கு."

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள். எண்ணவே முடியாத ஒன்றுக்கு எண்ணிக் கட்டச் சொல்கிறார்கள். அதைவிட, அண்ணி சொன்ன அந்தக் கப்பலும் சிறையும் அவள் மனதில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. வண்டு இவ்வளவு தூரம் பறந்திருக்கிறதா?

அடுத்த ஒரு வாரம் அவள் புத்தகமும் கையுமாக இருந்தாள். கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த நிறுவனத்தின் வக்கீலோடு போனில் ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவர் தன்மையான மனிதர். சில்வண்டைத் தன் மகளே பயன்படுத்துகிறாள் என்றார். கடைசியில் வக்கீல் ஒரு சலுகையைக் கறந்தே விட்டாள். அண்ணியின் தளத்திலிருந்து நேராக எடுக்கப்படும் நகல்களுக்கு, வருடத்துக்கு ஐம்பதாயிரம் வரை, ஒரு கட்டணமும் கிடையாது. ஒரே நிபந்தனை, எடுத்தவர்கள் அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பங்காளிச் சண்டை வக்கீல் பன்னாட்டு நிறுவனத்தை மடக்கிவிட்டாள்! தலைகால் புரியாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தாளை வாங்கி நிதானமாக இரண்டு முறை படித்தாள். பிறகு மேஜைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு டம்ளரையும் வைத்தாள்.

"ரொம்ப நல்லாப் பேசியிருக்கேம்மா. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்? ஒரு பைசா செலவில்ல அண்ணி!"

"எனக்குச் செலவில்ல. கப்பல்ல இருக்கறவங்களுக்கு? அந்தச் சமையல்காரர் தப்பு பண்ணவர் ஆயிடுவார். யாருக்கு வேணாலும் குடுங்கன்னு சொல்லித்தான் நான் குடுத்தேன். என்னோட சேர்ந்து நாப்பது பேர் இதுல எழுதியிருக்காங்க, அவங்களும் அத நம்பித்தான் எழுதினாங்க. இப்ப நான் மட்டும் குடைக்குள்ள நின்னுக்கிட்டு, நீங்கல்லாம் நனைங்கன்னு சொல்றதா?"

"அப்ப கோர்ட்டுக்குப் போகலாங்கறீங்களா?"

"எதுக்கு? அவங்க கேக்கறதுல தப்பில்லையே. காதுக்கு எது கேக்கும்னு நான் தினம் சோதிக்கறேன். அவங்க, காதுக்கு எது கேக்காதுன்னு வருஷக்கணக்கா உக்காந்து கண்டுபிடிச்சு, அத மட்டும் கழிச்சுட்டு மிச்சத்த வச்சிருக்காங்க. எவ்வளவு அழகான வேலை தெரியுமா? அவங்க பொருள், அவங்க விதி. எனக்கு ஒத்துவரல, நான் எடுத்துடறேன்."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளப் பேசி வாங்கியதை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டாளே! "பொழைக்கத் தெரியாத மனுஷி" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணனிடம் பொருமினாள். அண்ணன் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "கல்யாணத்தப்பவே எனக்குத் தெரியும். மண்டபக்காரன் கணக்குல தெரியாம விட்டுட்ட பாக்கியப் பத்தி ரெண்டு வீட்டுக்காரங்களும் வாயத் திறக்காம இருந்தோம். இவதான் அவன்கிட்ட போய்ச் சொன்னா. மாத்த முடியாது" என்றான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அண்ணி எம்.பி.3 பகுதியைப் பிரித்தெடுத்தாள். வெளியே எடுத்த இடத்தைப் பொட்டலாக விடவில்லை. யாரிடமாவது உரிமம் உள்ள பகுதி இருந்தால் அவர்களே பொருத்திக்கொள்ள வசதியாக ஒரு வாய் வைத்தாள். யாருடைய உரிமையும் இல்லாத வேறு முறைகளில் சேமிக்கும் வழிகள் இருக்கவே இருந்தன. ஏன் எடுத்தேன் என்று பத்து வரியில் ஓர் அறிவிப்பும் எழுதினாள். அதில் நிறுவனத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை.

கடுஞ்சொல்லெல்லாம் மற்றவர்கள் அனுப்பினார்கள். அவதூறு ஏதும் வந்தால் கவனிக்க வேண்டுமே என்று, அண்ணி சம்மதிக்க, வக்கீலே அந்த அஞ்சல்களைப் படிக்கத் தொடங்கினாள். கோழை, விலைபோனவள், இலவசம் என்று ஆசைகாட்டிக் கழுத்தறுத்தவள். படிக்கப் படிக்க வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே அண்ணியின் பதில் இருந்தது. 'உங்கள் கோபம் புரிகிறது. நீங்கள் எதில் கேட்கிறீர்கள், எந்தக் கருவி என்று சொன்னால் வேறு வழி இருக்கிறதா பார்க்கிறேன்.' திட்டியவனுக்கும் அதே பதில், அவன் திரும்பத் திட்டினால் மறுபடி ஒரு பதில். இருநூற்று எழுபது பதில்கள். வீட்டில் வாய் திறக்காத அண்ணி இவ்வளவு பேசுவாளா! வக்கீல் அன்று தன் மேஜையில் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

அந்தக் குவியலில் ஒரு கடிதம் திட்டாமல் வந்திருந்தது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிந்து தரும் ஒரு கேட்பு நூலகம். நூலகர் எழுதியிருந்தார். அவர்களிடம் இருநூற்று நாற்பது கையடக்கக் கருவிகள் உள்ளன. அவை எம்.பி.3 தவிர வேறு எந்தச் சுருக்கு முறையையும் பாடுவதில்லை. சுருக்காமல் போட்டால் நாலு அத்தியாயம்கூடக் கொள்ளாது. பழைய சில்வண்டை வைத்தே ஓட்டலாம் என்றால், நூலகத்தை நடத்தும் அறக்கட்டளை உரிமச் சிக்கல் உள்ள எதையும் வைக்காதே என்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டது. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். வேதியியலும் வரலாறும் பாதியில் நிற்கின்றன.

அண்ணி அதைப் படித்துவிட்டு, பதில் எழுதவில்லை. விடுப்பு எழுதினாள். "நீயும் வரியாம்மா?" என்றாள். வக்கீல் ஏன் என்று கேட்காமல் கிளம்பினாள்.

நூலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. பதிவறைகளின் சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். நூலகர் ஐம்பது வயதுக்காரர். அவருக்கே பார்வை கிடையாது. படிக்கட்டில் இவர்கள் காலடியைக் கேட்டே, "ரெண்டு பேர் வந்திருக்கீங்க, ஒருத்தர் குதிகால் செருப்பு" என்று வரவேற்றார். அந்தக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பொத்தான்களின்மேல் தடவிப் பார்த்து அறிய வெவ்வேறு வடிவத்தில் மெழுகுத் துளிகள் வைத்திருந்தார்கள்.

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் மெழுகு வைக்காத ஒரு பொத்தான் இருந்தது.

"இது என்னங்க?"

"அதுவா மேடம், பதிவு பண்ற பொத்தான். நாங்க தொடறதே இல்ல. குரல் கரகரன்னு இருக்கும்."

அண்ணி அதை அழுத்தி, ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள். மறுபடி அழுத்தினாள். கருவி அதைத் திரும்பச் சொல்லியது, கரகரவென்றுதான். அண்ணியின் முகத்தில் வந்த சிரிப்பை வக்கீல் அதற்கு முன் பார்த்ததேயில்லை.

"இது எதையோ சேமிச்சு வச்சு, அதையே திருப்பிப் பாடுது பாரு. அப்ப இதுக்கு இன்னொரு முறையும் தெரியும். என்ன முறைன்னு பாக்கணும்."

கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அந்தக் கோப்பைத் திறந்து, எண்ணெண்ணாகப் படித்துக்கொண்டே போனாள். நூலகர் பக்கத்தில் பொறுமையாக நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணி நிமிர்ந்தாள். தொலைபேசிக்காக எப்போதோ உருவாக்கிய பழைய முறை ஒன்று. நுணுக்கமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஒலித்துளியையும் முழுதாக எழுதாமல், முந்தியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதும். நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். பேச்சுக்கு அது போதும். ஒரு புத்தகம் கருவியில் கொள்ளும்.

"கரகரப்பு இந்த மைக்கோட குத்தம், முறையோடது இல்ல. நல்ல மைக்ல பதிஞ்சு இதே முறையில மாத்தினா கேக்கற மாதிரி இருக்கும். ஆனா" என்று வக்கீல் பக்கம் திரும்பினாள், "இதுமேல யாருக்காவது உரிமை இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. அது உன் வேலை."

உன் வேலை! வக்கீல் அந்த வாரம் காப்புரிமைப் பதிவேடுகளில் முங்கிக் கிடந்தாள். பழைய முறையைத் தொட்டு மூன்று காப்புரிமைகள் அகப்பட்டன. இரண்டு காலாவதியாகி வெகு நாளாகியிருந்தது. மூன்றாவதன் நிலை தெளிவாயில்லை. உரிமையாளருக்கே நேரடியாக எழுதினாள். ஒன்பதாம் நாள் ஒரு வரிப் பதில் வந்தது: புதுப்பிக்காமல் விட்டுவிட்டோம், எங்களுக்கு அக்கறையில்லை. அதையும் இணைத்து, தன் பெயர் அச்சிட்ட தாளில் நாலு பக்கம் சட்டக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அறக்கட்டளைக்கு அனுப்பினாள். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்தாள். பத்தாயிரம் பத்திரத்துக்கும் செய்யாத வேலை.

அண்ணி அதற்குள் எழுதி முடித்திருந்தாள். முதல் அத்தியாயத்தை நூலகர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"பின்னாடி லேசா எண்ணெய் காயற மாதிரி ஒரு சத்தம் மேடம். பேசும்போது தெரியல. நிறுத்தும்போது தெரியுது."

மறு வாரம் அண்ணி இடைவெளிகளிலெல்லாம் ஒலியை அறவே துடைத்துவிட்டு வந்தாள். நூலகர் கேட்டுவிட்டுத் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் படிக்கறவர் ரூமை விட்டு எழுந்து போயிட்ட மாதிரி இருக்கு."

வக்கீலுக்கே எரிச்சல் வந்தது. அண்ணியோ, "ஆமா, ஆமா, நான் யோசிச்சிருக்கணும். காதுக்குத் திடீர்னு வெறுமை வந்தா பயம்" என்று குறித்துக்கொண்டாள். மூன்றாவது முறை, குரல் ஓய்ந்ததும் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து, அடுத்த சொல்லுக்குச் சற்று முன்பே எழும்படி செய்திருந்தாள். நூலகர் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். அடுத்த பக்கத்தையும் கேட்டார். பிறகுதான் இவர்கள் காத்திருப்பது நினைவுக்கு வந்து, "அடடா, பாடத்துல போயிட்டேன்" என்றார்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கருவிகள் மாணவர்கள் கைக்குப் போயின. ஒரு கையெழுத்துக்காக நூலகம் போன வக்கீல், மாடி வராந்தாவில் ஒரு பெண் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வேதியியலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நடுவில் அவள் களுக்கென்று சிரித்தாள். என்ன என்று கேட்டதற்கு, "படிக்கற அங்கிள் 'ஹைட்ரஜன்'னு சொல்ற ஒவ்வொரு தடவையும் தும்மல் வர்ற மாதிரியே இருக்கு. மறக்கவே மறக்காது" என்றாள்.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. பாட்டுக்காரர்களுக்கு அந்தப் பழைய முறை உதவாது. பாதிப் பேர் உரிமம் வாங்கிய விலை மென்பொருள்களுக்குப் போய்விட்டார்கள். கூட எழுதிய நாற்பது பேரில் பதினாறு பேர், இவளோடு காலம் தள்ள முடியாது என்று விலகினார்கள். அதில் இருவர் அண்ணியோடு தொடக்கத்திலிருந்து இருந்தவர்கள். அவர்கள் போன அன்று அண்ணி சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்று அண்ணன் சொன்னான். மறுநாள் காலை எழுந்து, மிஞ்சியிருந்த இருபத்து நாலு பேருக்கும் தனித்தனியே எழுதினாளாம். அவர்கள் இருந்துவிட்டார்கள்.

ஆறு வருடம் போனது. வக்கீலின் பலகையில் இப்போது காப்புரிமையும் ஒரு வரியாக ஏறியிருந்தது. சின்னச் சின்ன மென்பொருள்காரர்கள் தேடி வந்தார்கள். எம்.பி.3-இன் கடைசிக் காப்புரிமை எந்தத் தேதியில் முடிகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தத் தேதி வந்தபோது உலகமே கொண்டாடத் தொடங்கிவிட்டது. அவள் மட்டும் பதிவேட்டை மறுபடி ஒருமுறை புரட்டினாள். ஒரு காப்புரிமைக்கு எட்டு நாள் கூடுதல் ஆயுள் இருந்தது.

"அண்ணி, எல்லாரும் முடிஞ்சுபோச்சுங்கறாங்க. நீங்க இன்னும் எட்டு நாள் பொறுங்க."

"சரிம்மா" என்றாள் அண்ணி. ஏன், எதற்கு, ஆதாரம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அண்ணி எம்.பி.3 வசதியோடு புதிய சில்வண்டை வெளியிட்டாள். பகலுக்குள் அஞ்சல்கள் குவிந்தன. விலகிப் போன பதினாறு பேரில் ஒருவர், 'நானாக இருந்தால் அந்த ஐம்பதாயிரம் நகல் சலுகையை வாங்கிக்கொண்டிருப்பேன். இன்றுவரை ஒவ்வொரு நகலுக்கும் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்' என்று எழுதியிருந்தார். வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். எதிரே மதில்சுவர்த் தகராறுக்காக வந்திருந்த பெரியவர் பத்து நிமிடமாகக் காத்திருந்தார்.

"ஏதாச்சும் நல்ல சேதியாம்மா?" என்றார் பொறுக்க முடியாமல்.

"எங்க அண்ணி இருக்காங்களே..." என்று வக்கீல் ஆரம்பித்தாள். பெரியவருக்குக் காப்புரிமையும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆனாலும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் கழித்தும் மதில்சுவரைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.